கரைமேல் மெல்லப் பேசவும்

வன்னியேந்தலில் இதுவரை பிறந்தவர்களில் முதுகெலும்போடு பிறந்தவன் தான் ஒருவன்தான் என்று வீரமணி அறிவித்தான். நயினார்கோவில் விலக்கு டீக்கடையில், கையில் பாதி கடித்த உளுந்தவடையோடு, ஐந்தாறு சாட்சிகள் முன்னிலையில், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் அறிவித்தான். வரப்போகும் தீபாவளி விடியற்காலையில் வன்னியேந்தல் கண்மாய்க் கரையில் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஊர் கட்டிவைத்திருக்கும் பொய் மொத்தமும் பொடிப்பொடியாகும். பிற்காலத்தில் ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வெடிக்கு முன், வெடிக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எழுதவேண்டியிருக்கும்.

“வடைய முழுங்கிட்டுச் சொல்லுலே. ஒண்ணும் வெளங்கல” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

பரமக்குடி பஸ்ஸுக்காக நின்றிருந்த சிநேகாவுக்கு விளங்கிவிட்டது. அவள் வீரமணியின் மாமன் மகள், அதே கல்லூரியில் ஒரு வகுப்பு கீழே படிக்கிறவள்.

“வெடிக்கிறது இருக்கட்டும் மச்சான். ஒனக்குப் பத்தவைக்கத் தெரியுமா?”

டீக்கடையே சிரித்தது. வீரமணி சிரிக்கவில்லை. உண்மையிலேயே அவனுக்குப் பற்றவைக்கத் தெரியாது. அவனுக்கு மட்டுமல்ல, வன்னியேந்தலில் எவருக்கும் தெரியாது. இருபது வயது ஆம்பிளை, மோட்டார் ரிப்பேர் பார்ப்பான், பம்புசெட்டில் திருட்டுத்தனமாகக் கரண்டு கொடுப்பான், ஆனால் ஒரு லட்சுமி வெடியின் திரியை எந்தப் பக்கம் கிள்ளவேண்டும் என்று கேட்டால் முழிப்பான். கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் பயப்படும் என்பதற்காக, தாத்தனுக்குத் தாத்தன் காலத்திலிருந்து அந்த ஊரில் பட்டாசு கிடையாது. கல்யாணமோ சாவோ, கொட்டுமேளம் கண்மாய் முக்குக்கு வந்ததும் நின்றுவிடும். கரை தாண்டும்வரை பிணத்தைக்கூட ஓசையில்லாமல்தான் தூக்கிப்போவார்கள். கரையில் ஏறினால் பேச்சைத் தணிப்பார்கள். ‘கரைமேல் மெல்லப் பேசவும்’ என்று ஒரு தகரப் பலகைகூட உண்டு.

எல்லாம் சரி. ஒரே ஒரு குறை, அந்த ஊரில் பறவை இல்லை.

மூன்று வருடமாக இல்லை. அதற்கு முன் ஐப்பசி மழை விழுந்ததும் வரும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வக்கா, அரிவாள் மூக்கன் என்று கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை குடித்தனம். எச்சத்தின் வீச்சம் தாங்காமல் புதுமாப்பிள்ளைகள் மாமியார் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கமாட்டார்கள். அந்த எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் தேவையில்லை. பங்குனியில் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

பிறகு ஒரு சித்திரையில், சீமைக்கருவேலத்தை ஒழிப்போம் என்று ஊரில் கூட்டம் போட்டார்கள். நல்ல விஷயம். சீமைக்கருவேலம் ரோட்டோரம் நின்றது, தரிசில் நின்றது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்றது. கண்மாய்க்குள் மட்டும்தான் அது இல்லை. அங்கே இருந்தது நாட்டுக் கருவேலம், முழங்கால் தண்ணீரில் நிற்கும் முரட்டு மரம், விறகுக்கும் கரிக்கும் கனமான விலை போவது. ஏலம் எடுத்த கரிமூட்டக்காரர் கண்மாய்க்குள்தான் லாரியை இறக்கினார். ரோட்டோரத்துச் சீமைக்கருவேலம் இன்றுவரை பரம சௌக்கியம், ஒரு கீறல்கூட விழவில்லை. சித்திரை மாதமாதலால் பறவைகள் வெளியூர் போயிருந்தன. ஆட்சேபணை தெரிவிக்க ஒருவரும் வரவில்லை.

ஐப்பசியில் வந்தன. அதை வீரமணி பார்த்தான். அப்போது அவன் பன்னிரண்டாம் வகுப்பு. கூட்டம் கூட்டமாக வந்து, கண்மாய்க்கு மேலே வட்டமடித்து, கீழே வெறும் கட்டைகளைப் பார்த்து, இறங்காமல், மறுபடி வட்டமடித்து, இரண்டு நாள் அப்படியே சுற்றிவிட்டுத் தெற்கே போய்விட்டன. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. பழக்கதோஷத்தில், கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டே பார்த்தது. கத்தவேண்டிய அன்றைக்கும் ஒருவன் கத்தவில்லையே என்பதுதான் வீரமணியின் வயிற்றில் அன்றைக்கு விழுந்த நெருப்பு. அது இன்னும் அணையவில்லை.

மரம் விற்ற காசு வீண் போகவில்லை. ஊர் முகப்பில் வளைவு வந்தது. ‘பறவைகளின் தாய்வீடு வன்னியேந்தல் தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று எழுதி, இரண்டு தூணிலும் சிமெண்டில் ஒவ்வொரு கூழைக்கடா. கொத்தனார் வாழ்க்கையில் கூழைக்கடாவைப் பார்த்தவரில்லை, வாத்தைப் பார்த்திருக்கிறார். “தாய்வீடுன்னு சரியாத்தான் எழுதிருக்காக” என்பான் வீரமணி. “பொறந்தவளுக்குப் பங்கு குடுக்காம வெரட்டுறது தாய்வீட்லதான.”

வளைவு வந்ததும் டிவிக்காரர்கள் வந்தார்கள். வருடாவருடம் தீபாவளி காலையில் வந்து, பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத கிராமம் என்று படம் பிடித்துப்போவார்கள். பறவை எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பேட்டி கொடுப்பவர் பூமிநாதன். ஊராட்சித் தலைவர் அவருடைய மனைவி இராமலட்சுமி. ஆனாலும் தலைவர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் பூமிநாதன்தான். இந்த வருடம் ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் வன்னியேந்தலுக்குப் பறவைநேசக் கிராமம் என்று விருதே கொடுக்கப்போகிறது.

வீரமணி வெடி வெடிப்பேன் என்று கிளம்பியது இதற்காகக்கூட இல்லை. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கழுங்கு ஓரத்தில் கொஞ்சம் மரம் மிச்சமிருந்தது. அன்றைக்கு லாரி சேற்றில் புதைந்ததால் தப்பியவை. தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை அவற்றுக்கும் ஏலம் என்று முடிவாகிவிட்டது. ஊர்க்கூட்டத்தில் வீரமணி எழுந்து கேட்டபோது பூமிநாதன் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

“மாப்ள, ஒரு கூடு இருந்தா நான் தொடுவனா? தொட்டா வனத்துறை நம்மளக் கொத்தாத் தூக்கிட்டுப் போயிரும். கூடு இல்லையில்ல? பறவையே வரல, மரத்த வச்சு என்ன சாமி கும்பிடவா?”

“பறவையே வரலேன்னா வெடிக்க வேண்டியதுதான மாமா?”

“அது எப்புடி மாப்ள? டிவிக்காரவுக வாராகள்ல.”

கூட்டம் தலையாட்டியது. அதில் ஒரு தலை வீரமணியின் அப்பா கூத்தையாவுடையது.

அந்தத் தலைமேல்தான் வீரமணிக்குத் தனிக்கோபம். கூத்தையா நல்ல சம்சாரி, அதிர்ந்து பேசாதவர். மூன்று வருடத்துக்கு முன் நடந்த கூட்டத்தில் கையைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். மரம் போனபின்பும், கரைமேல் ஏறியதும் அவர் குரல் தானாக இறங்கிவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் இருவரும் வயலுக்குப் போனபோதும் அப்படித்தான்.

“தண்ணி கழுங்கு மட்டத்துக்கு வந்துருச்சு, பாத்தியா” என்றார் காதோடு, ஏதோ களவுக்குப் போகிறவர்போல.

வீரமணிக்குப் பற்றிக்கொண்டது. “யாருக்குய்யா இந்த மரியாத? அந்தா நிக்கிற கட்டைக்கா? மோட்டார் கொட்டாய்க்கா?”

“மெல்லப் பேசுப்பா.”

“கோடாலி விழுகுறப்ப மெல்லவா விழுந்துச்சு? அன்னைக்கு நயினார்கோவில் வரைக்கும் கேட்டுச்சே! அப்பச் சொல்லிருக்கலாம்ல, மெல்ல வெட்டுங்கய்யா, பறவைக்குக் கேக்கும்னு? கையத் தூக்கிட்டு ஒக்காந்திருந்தீக. இப்ப வெறுந்தண்ணிகிட்ட ரகசியம் பேசுறீக!”

கூத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வயலில் நாரை இல்லாத தைரியத்தில் நத்தை பெருத்துப்போய், முளைத்த பயிரை வரிசையாக மேய்ந்துகொண்டிருந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார். அதையும் சத்தமில்லாமல் போட்டார். வீரமணிக்கு அந்த வாளியைப் பிடுங்கிக் கண்மாயில் எறியவேண்டும்போல இருந்தது.

மறுநாள் பரமக்குடியில் சரவெடி வாங்கினான். இருந்ததிலேயே பெரியது, சுருட்டினால் தலையணை அளவு. அரிசிப் பையில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தபோது அம்மா பூமயில் கேட்டாள், “என்னடா இம்புட்டுக் கனக்குது?”

“புத்தகம்மா.”

“இம்புட்டையுமா படிக்கப்போற?”

“ஊருக்கே படிச்சுக் காட்டப்போறேன்.”

பற்றவைப்பது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்துப் படித்தான். திரியின் மேல்தாளை உரி, நீளமான ஊதுபத்தியால் தொடு, திரும்பிப் பார்க்காமல் ஓடு. பக்கத்து ஊரில் எட்டு வயதுப் பிள்ளை செய்கிற காரியத்துக்கு அவன் பரீட்சைக்குக்கூடச் செய்யாத மனப்பாடம் செய்தான். இடம் கழுங்கு. தண்ணீர்மேல் எதிரொலித்துச் சத்தம் நேரே வளைவில் போய் விழும், அங்கேதான் டிவிக்காரர்களும் பூமிநாதனும் நிற்பார்கள். முகங்கள் போகிற போக்கைச் சிநேகா செல்போனில் பிடிக்கவேண்டும். “ஏன் வெடிச்சன்னு டிவிக்காரவுக கேப்பாகள்ல, பறவையே இல்லேன்னு சொல்லுவேன். அப்பறம் மிச்ச மரத்த எப்புடி ஏலம் விடுறாருன்னு பாப்போம்” என்றான். சிநேகா ஒப்புக்கொண்டாள். “நீ பத்தவைக்கிறதப் பாக்குறதுக்காகவே வாரேன் மச்சான்.”

தீபாவளி விடிந்தும் விடியாமலும் எண்ணெய் தேய்த்த தலையோடு வீரமணி கழுங்குக்குப் போனான். எல்லா ஊர்ப் பக்கமிருந்தும் வெடிச்சத்தம் மங்கலாகக் கேட்டது. நடுவில் வன்னியேந்தல் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சரவெடியைக் கழுங்குக் கல்மேல் நீளவாக்கில் விரித்தான். திரியை உரித்தான், வீடியோவில் சொன்னபடியே. ஈரக்காற்றில் நாலைந்து தீக்குச்சி செத்தபிறகு ஊதுபத்தி பிடித்தது.

குனிந்தான். அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக். டக்டக். டக்.

யாரோ இரண்டு மூங்கில் குச்சியைத் தட்டுவதுபோல இருந்தது. பூமிநாதனின் ஆள் எவனோ ஒளிந்து பார்க்கிறான் என்று முதலில் நினைத்தான். தலையைத் தூக்கினான். தலைக்கு நேர்மேலே இல்லை, கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தின் கவட்டையில், இரண்டு நத்தைகுத்தி நாரைகள். அழுக்குவெள்ளை உடம்பு, கருத்த இறக்கை, மூட வராத கதவுபோல நடுவில் இடைவெளி விட்ட அலகு. ஒன்று கிளையில் நின்றது. மற்றது வாயில் ஒரு சுள்ளியோடு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தது. வைத்தது. சுள்ளி நழுவித் தண்ணீரில் விழுந்தது. இரண்டும் விழுந்த இடத்தை எட்டிப் பார்த்தன. பிறகு அலகால் தட்டிக்கொண்டன. டக்டக். கேட்பதற்குக் குடும்பச் சண்டைமாதிரித்தான் இருந்தது.

வீரமணிக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, கொள்ளைக் கோபம். பறவைகள்மேலேயே கோபம். மூன்று வருடம் எங்கே போயிருந்தீர்கள்? இன்றைக்குத்தான் நல்லநாள் பார்த்தீர்களா? இந்த ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? இங்கே யாரை நம்பி வந்தீர்கள்?

ஒன்று பறந்து இறங்கி, கரையோரம் இன்னொரு சுள்ளியைப் பொறுக்கியது. அவனை ஒரு பார்வை பார்த்தது. எண்ணெய் தேய்த்த ஒரு மனிதன் கையில் நெருப்போடு குனிந்து நிற்கிறான். இறக்கை லேசாக விரிந்தது. அந்தச் சுள்ளி நின்றால் கூடு நிற்கும், கூடு நின்றால் வெள்ளிக்கிழமை கோடாலி நிற்கும். எல்லாம் அந்தச் சுள்ளியில் இருந்தது. திரிக்கும் ஊதுபத்திக்கும் நடுவில் ஒரு விரல்கூட இல்லை.

வீரமணி மூச்சை விடாமல் ஊதுபத்தியைப் பின்னுக்கு இழுத்துத் தண்ணீரில் அமுக்கினான். உஸ் என்றது. அதுவே பெரிய சத்தமாகப் பட்டது.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் செல்போன், திருவிழாக் கொட்டுச் சத்தத்தோடு அலறியது. நாரைகள் இரண்டும் கழுத்தை நீட்டின. வீரமணி போனை வயிற்றோடு அழுத்தி, குப்புறப் படுத்து, ஒருவழியாகப் பொத்தானை அமுக்கினான்.

“என்ன மச்சான், ஒரு சத்தத்தையும் காணோம்?” சிநேகாவின் குரல். “இங்கன எல்லாரும் ரெடி.”

“கொஞ்சம் மெல்லப் பேசு” என்றான் கிசுகிசுப்பாக.

“நான் பேசுறது எனக்கும் ஒனக்கும்தான கேக்கும். எதுக்கு நீ குசுகுசுங்குற?”

“தொண்ட கட்டிருச்சு.”

“பயந்துட்டியா?”

வீரமணி மரத்தைப் பார்த்தான். சுள்ளி இந்தத் தடவை கவட்டையில் நின்றுவிட்டது.

“ஆமா” என்றான்.

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொல்லிவிட்டாள்போல, நாலைந்து சிரிப்புக் கேட்டது. “முதுகெலும்பு எங்கலே?” என்று எவனோ கத்தினான். சிரிப்பு ஓய்ந்ததும் சிநேகா சொன்னாள், “சரி விடு. இங்க டிவிக்காரவுக ட்ரோன் விடப்போறாக. கண்மாயச் சுத்தி மேலருந்து எடுக்கணுமாம்.”

வீரமணி சரவெடியை அள்ளிச் சுருட்டித் தண்ணீருக்குள் அமுக்கிக் கல்லைத் தூக்கி மேலே வைத்தான். சிவப்புச் சாயம் கரைந்து பரவியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் பூனைபோல நடந்தான். பிறகு ஓடினான்.

வளைவின் அடியில் ட்ரோன் தரையில் உட்கார்ந்திருந்தது. ஒருவர் அதன் இறக்கையைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியில் பூமிநாதன் மைக் முன்னால் நின்று, பறவைகள் எங்கள் பிள்ளைகள் மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைக் கத்திவிடலாம் என்று ஒரு கணம் வீரமணிக்குத் தோன்றியது. பறவை வந்திருக்கிறது, வெட்டியது போதும், மிச்சத்தை விடுங்கள். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அதே கணத்தில் தெரிந்தது. கேமராவும் ட்ரோனும் ஊரும் தப்புத்தாளத்தோடு கழுங்குக்கு ஓடும். பூமிநாதன் முன்னால் ஓடுவார். ஐந்து நிமிடத்தில் மரத்தில் கூடும் இருக்காது, குருவியும் இருக்காது.

அவன் பூமிநாதனின் காதருகே போனான்.

“மாமா, ட்ரோன் மேல போனா வெட்டுன கட்டையெல்லாம் வரிசையாத் தெரியும். டிவில ஊரே பாக்கும்.”

பூமிநாதனின் முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது. அரசியல் அவருக்கு ரத்தத்தில் ஊறியது, ஒரு நொடிதான் பிடித்தது. ட்ரோன்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“தம்பி, ட்ரோன் வேணாம். பறவைகளுக்கு எடஞ்சலா இருக்கும்.”

டிவிக்காரர் நெகிழ்ந்துபோனார். “எவ்வளவு அக்கறை பாருங்கள்” என்றார் கேமராவிடம். வீரமணியின் பல் நறநறத்தது.

“அப்புறம் இளைஞர் யாராவது ரெண்டு வார்த்தை பேசினா நல்லா இருக்கும்” என்றார் டிவிக்காரர். பூமிநாதன் வீரமணியின் தோளில் கையைப் போட்டு இழுத்து, இரண்டு சிமெண்டு வாத்துகளுக்கு நடுவில் நிறுத்தினார். “எங்க மாப்ள. காலேஜ்ல படிக்கிறாப்ல. ஒரு வெடியத் தொட்டதில்ல, சொல்லு மாப்ள.”

தொட்டதன் சிவப்புச் சாயம் உள்ளங்கையில் இருந்தது. வீரமணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். எதிரே சிநேகா செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். ஆக, முகம் போகிற போக்கைப் பிடிக்கச் சொன்னது வீண்போகவில்லை.

“நீங்க ஏன் பட்டாசு வெடிக்கல?”

வீரமணிக்கு வாயில் வந்த வார்த்தைகளை எந்த டிவியிலும் போடமுடியாது. அவற்றையெல்லாம் விழுங்கினான். டீக்கடை வடையைவிடக் கஷ்டமாக இருந்தது.

“ஊர்க் கட்டுப்பாடு” என்றான்.

“பறவைகள் மேல அவ்வளவு பாசமா?”

“இருக்கு.”

கைதட்டினார்கள். டிவிக்காரர்கள் பூமிநாதன் வீட்டில் கறிச்சோறு தின்றுவிட்டு, ட்ரோனைப் பெட்டியில் மூடி, ராமேஸ்வரம் பக்கம் போய்விட்டார்கள். அன்று முழுக்க எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒருவன் “டப்” என்று வாயால் வெடித்துக் காட்டினான். “மச்சான், வரலாற்ற எந்த எடத்துல பிரிக்கட்டும்?” என்றாள் சிநேகா. வீரமணி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை, அதையே ஒரு வியாதி என்று பூமயில் நினைத்துக்கொண்டு கஷாயம் வைத்தாள்.

சாயங்காலம் கூத்தையா வயலுக்குக் கிளம்பினார். கூப்பிடாமலே வீரமணியும் கூட நடந்தான். கரைமேல் ஏறும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். கூத்தையா அதைப் பார்த்தபடியே நடந்தார்.

“யூரியா ரெண்டு மூட்ட சொல்லி வைக்கணும்” என்றார், வழக்கம்போலக் காதோடு.

வீரமணி ஏதோ பதில் சொன்னான்.

“என்னப்பா? கேக்கல” என்றார் கூத்தையா.

அவன் கழுங்குப் பக்கம் கண்ணை வைத்தபடியே, உதட்டின்மேல் விரலை வைத்தான்.